பித்தளை வளருமா?

உங்கள் வீட்டிலே பித்தளைப் பாத்திரம் இருக்கிறதா? இருக்கும். பரண்மேல் ஒரு குடமாவது, பூஜை அலமாரியில் ஒரு குத்துவிளக்காவது இல்லாத வீடு ஏது? சரி, அந்தக் குடம் போன வருஷத்தைவிட இந்த வருஷம் ஒரு நூல் உயரமாக வளர்ந்திருக்கிறது என்று நான் சொன்னால் என்ன நினைப்பீர்கள்? “பாவம், பத்திரிகை ஆபீஸிலே வேலை அதிகம் போலிருக்கிறது” என்று என்மேல் இரக்கப்படுவீர்கள்.

நானும் முதலில் சிரித்தவள்தான். ஆனால் பித்தளை வளரத்தான் செய்கிறது. எப்படி வளர்கிறது, வளர்ந்ததை எதைக் கொண்டு நறுக்குவது என்று எங்கள் வீட்டில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு மாநாடே நடந்தது. அந்த மாநாட்டின் பலனாக, இரண்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாமலிருந்த ஒரு மாமனாரும் மாப்பிள்ளையும் பேசிக் கொண்டார்கள். அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

எங்கள் வீடு வெள்ளானூரில் இருக்கிறது. ஆவடிக்கு வடக்கே. ஆவடி என்றால் உங்களுக்குத் தெரியும். 1955-ல் காங்கிரஸ் மகாசபை கூடிய ஊர். 1965-ல் ‘விஜயந்தா’ டாங்கி முதன்முதலாக உருண்டு வெளியே வந்த ஊர். ராணுவ லாரி வரிசையாகப் போனால்கூட எங்கள் பக்கத்துக் குழந்தைகள் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் என் மாமனாருக்கும் துப்பாக்கிக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. அவர் அம்பத்தூர்க்காரர். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் தொடங்கியது. 1968-ல் அங்கே ஒரு சின்னப் பட்டறையில் கையாளாகச் சேர்ந்து, டர்னராகி, முப்பத்தெட்டு வருஷம் லேத்தின் முன்னால் நின்றே கழித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகையில் ஒரு பழைய சிறு லேத்தைப் போட்டுக் கொண்டு, தெருவாரின் பம்ப்செட்டுக்கு வாஷர் கடைந்து கொடுப்பதும், எங்கள் மிக்ஸியின் திருகாணிக்கு மரை போடுவதுமாக இருந்தார்.

இருந்தார் என்றா சொன்னேன்? ஆமாம். மாமி தவறிப் போன நாளிலிருந்து அந்தக் கொட்டகை பூட்டியே கிடந்தது.

மாமிக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவள் என் நாத்தனார். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாகாணத்தில் இருக்கிறாள். தாயாரின் கடைசி நேரத்தில் அவளால் வர முடியவில்லை. விசாக் காகிதம் புதுப்பிக்கப் போயிருந்தது. இப்போது நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வர முடியுமோ முடியாதோ என்று மாப்பிள்ளை சொன்னாராம். பதினாறாம் நாளும் போய், ஐந்து மாதம் கழித்துத்தான் வந்தாள். மாமா அவளை ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளையையும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தொந்தரவே! சண்டை போட்டால் சமாதானமாகலாம். ஒன்றுமே சொல்லாதவரிடம் என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கிருந்து வீடியோ அழைப்பு வரும். பேரனோடு கொஞ்சுவார். மாப்பிள்ளையின் முகம் திரையில் வந்தால், “நல்லா இருக்கீங்களா மாப்பிள்ளை?” என்பார். “நல்லா இருக்கேன் மாமா” என்று பதில் வரும். உடனே போன் என் கைக்கு வந்துவிடும். இரண்டு வருஷம் இந்த ஒரே வசனம்தான்.

*

அந்த மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு பொழுதுபோக்கு. மாலையில் துப்பாக்கி சுடும் சங்கத்துக்குப் போய் அட்டை இலக்கைச் சுடுகிறார். அது மட்டுமா? சுட்ட தோட்டாவின் காலிக் கூடுகளைப் பொறுக்கி வந்து, வீட்டு மோட்டார் கொட்டகையில் வைத்து, மறுபடியும் மருந்தும் குண்டும் ஏற்றித் தோட்டாவாக்குகிறார். அந்த ஊரில் சொந்த உபயோகத்துக்கு இப்படிச் செய்து கொள்வது சாதாரணம். நம் நாட்டிலே 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது. தோட்டாவின் பகுதிகளும் தோட்டா என்றே அந்தச் சட்டத்தில் கணக்கு. ஆகவே சகோதரிகளே, ஊருக்கு வரும் உறவினர் யாராவது அழகாக இருக்கிறதே என்று காலித் தோட்டாவைச் சாவிக்கொத்தில் கோத்துக் கொண்டு விமான நிலையத்துக்குக் கிளம்பினால், தயவு செய்து தடுத்து விடுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி என்னிடம் அங்கலாய்த்தாள். “கூடு நீளமாயிடுதாம், அதை வெட்டணுமாம், வெட்டற கருவி நாலு தினுசு இருக்காம். ஒரு மாசமா எதை வாங்கறதுன்னு தூங்கவே இல்லை இவர். அப்பா இத்தனை வருஷம் பித்தளை கடைஞ்சவராச்சே, கேட்டா என்னன்னு சொன்னேன். வாயே திறக்க மாட்டேங்கிறார்.”

நான் பத்திரிகைக்காரி. வாயைத் திறக்க வைப்பதுதானே எங்கள் பிழைப்பு? போனை நேராக மாமாவிடம் கொண்டு போனேன். “மாமா, பித்தளை வளருமா?” என்று கேட்டேன்.

மாமா பேப்பரை மடித்து வைத்தார்.

“வளராது. நகரும்” என்றார்.

*

மாப்பிள்ளை கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார். தோட்டாக் கூடு ஒரு சின்னப் பித்தளைக் குப்பி. எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம் சேர்ந்த பித்தளை. அடியில் கனமான தட்டு, அதற்கு மேல் உடம்பு, பிறகு தோள், தோளுக்கு மேல் ஒடுங்கின கழுத்து, அந்தக் கழுத்திலேதான் குண்டு செருகியிருக்கும். எனக்குப் புரிய வேண்டும் என்று மாமா எழுந்து போய், மாமியின் பித்தளைப் பன்னீர்ச் செம்பை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். கல்யாணத்துக்குக் கல்யாணம் சம்பந்திகளுக்குப் பன்னீர் தெளித்த செம்பு. உடம்பு, தோள், கழுத்து எல்லாம் அச்சாக இருந்தன.

சுடும்போது உள்ளே எழும் அழுத்தத்தில் கூடு உப்பி, துப்பாக்கிக் குழலின் அறைச் சுவரோடு ஒட்டிக் கொள்கிறது. மறுபடி உபயோகிக்க வேண்டுமானால், எஃகு அச்சுக்குள் அழுத்தி அதைப் பழைய அளவுக்கு ஒடுக்க வேண்டும். அப்போது பித்தளை பிதுங்கி மேலே கழுத்துப் பக்கம் நகர்கிறது. கழுத்து நீளுகிறது. நீண்ட கழுத்து அறையின் முனையிலே முட்டி, குண்டை இறுகப் பிடித்துக் கொண்டால், அழுத்தம் அபாயகரமாக ஏறிவிடும். ஆகவேதான் நறுக்குவது.

“எவ்வளவு வித்தியாசம் கணக்கு?” என்று மாமா கேட்டார்.

மாப்பிள்ளையின் துப்பாக்கிக்கு ‘முந்நூற்றெட்டு’ என்று பெயர். அதன் கூடு 2.015 அங்குலத்துக்கு மேல் நீளக் கூடாது; நறுக்கினால் 2.005 அங்குலத்துக்கு நறுக்குவது வழக்கம். நடுவே இருப்பது பத்து ‘தௌ’. ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தைப் பட்டறைக்காரர்கள் தௌ என்பார்கள். பத்து தௌ என்பது கால் மில்லிமீட்டர். மூன்று நான்கு தலைமயிரை அடுக்கி வைத்தால் எவ்வளவோ, அவ்வளவு!

“பத்து தௌவா? தாராளமா இருக்கே!” என்று மாமா சிரித்தார். மாமி போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பிறகு நாலு கருவிகளும் திரையிலே வரிசையாக வந்தன. சேலைக் கடையில் பெண்கள் பார்க்கிற மாதிரி மாமா ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னார்.

முதலாவது மிகப் பழைய முறை. கடினமான எஃகு அச்சுக்குள் கூட்டைச் செருகிவிடுவது. அச்சுக்கு மேலே தலை நீட்டுகிற கழுத்தை அரத்தால் ராவித் தள்ளுவது. அச்சு அரத்தைவிடக் கடினமாகையால் அளவு தப்பாது. ஆனால் பொறுமை வேண்டும்.

இரண்டாவது ஒரு சின்ன வெட்டி. அதன் நடுவே ஒரு நீண்ட ஊசி. ஊசி கழுத்து வழியாகப் போய், கூட்டின் அடியிலுள்ள துவாரத்தைத் தாண்டி, பிடிப்பானில் முட்டும். முட்டினதும் வெட்டு நின்றுவிடும். நினைத்தாலும் அதிகமாக வெட்ட முடியாது. விலையும் மலிவு. ஆனால் ஒரு தினுசுக் கூட்டுக்கு ஓர் ஊசி. வேறு தினுசுக்கு வேறு ஊசி.

மூன்றாவது, ஒரு முழக் கட்டைக்குள் அடங்கும் குட்டி லேத். ஒரு பக்கம் கூட்டின் அடியைப் பிடித்துக் கொள்ளும், மறுபக்கம் வெட்டி. கைப்பிடியைச் சுற்ற வேண்டியது. அளவை நாமே மாற்றி வைத்துக் கொள்ளலாம். நாமே வைத்துக் கொள்ளலாம் என்பதனாலேயே நாமே தப்பாகவும் வைத்துக் கொள்ளலாம்.

நான்காவது மின்சார யந்திரம். ‘விர்’ரென்று நொடியில் ஒன்றாக நறுக்கித் தள்ளும். விலையைச் சொன்னதும் எனக்கு மயக்கம் வந்தது. மாப்பிள்ளைக்கு அதன்மேல்தான் கண்.

மாமா எதையும் உடனே சொல்லிவிடவில்லை. “எதை வாங்கறதுன்னு கேக்காதீங்க மாப்பிள்ளை. மூணு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. மாசத்துக்கு எத்தனை உருப்படி? எத்தனை தினுசு? வேலை செய்யறப்போ எதை ஆதாரமா வெச்சுப் பிடிக்கிறீங்க, அடியையா, தோளையா?” என்றார்.

மாதத்துக்கு நூறு கூடு, ஒரே தினுசு. மின்சார யந்திரம் தோளை ஆதாரமாக வைத்து வெட்டுவது. மற்றவை அடியை ஆதாரமாக வைப்பவை.

“தோளை நம்பினா, எல்லாக் கூட்டுக்கும் தோள் ஒரே இடத்திலே இருக்கணும். அச்சிலே சரியா அழுத்தினாத்தான் இருக்கும். நூறு உருப்படிக்கு மோட்டார் எதுக்கு? ஊசி வெச்ச வெட்டியை வாங்குங்க. உங்களுக்கு ஒரே அளவு. அளவு கருவியிலேயே இருக்கட்டும், மனுஷன் கையிலே வேண்டாம். மிச்சப் பணத்திலே நல்ல வெர்னியர் ஒண்ணு வாங்குங்க” என்றார் மாமா.

இந்த மூன்று கேள்வியையும் நான் அப்படியே குறித்து வைத்துக் கொண்டேன். நாலு பேருக்கு இட்லி வார்க்கிற வீட்டில் கல்யாணத்துக்கு அரைக்கிற கிரைண்டரை வாங்கிப் போட்டுவிட்டு, அதைக் கழுவ அலுப்புப்பட்டுக் கடை மாவு வாங்குகிறோமே! ‘எது உசத்தி’ என்று கேட்கிறோம். ‘எனக்கு எத்தனை’ என்று கேட்பதில்லை.

*

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வெட்டி வந்து சேர்ந்திருந்தது. மாப்பிள்ளை உற்சாகமாக நறுக்கிக் காட்டினார். மாமா இரண்டு குற்றம் கண்டுபிடித்தார்.

முதல் குற்றம் வரிசை. மாப்பிள்ளை முதலில் நறுக்கிவிட்டுப் பிறகு அச்சிலே அழுத்தினார். “அழுத்தும்போதுதானே நீளுதுன்னீங்க? அப்போ அழுத்தினப்புறம் அளந்து, அதுக்கப்புறம்தான் வெட்டணும். துணியைத் தண்ணியிலே நனைச்சு எடுத்தப்புறம் ரவிக்கை வெட்டறதில்லையா?” இதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார். நனைக்காமல் வெட்டித் தைத்து இறுக்கிப் போன என் ரவிக்கையை மாமி எத்தனை நாள் பேசிக் காட்டியிருக்கிறாள்!

இரண்டாவது குற்றம் பிசிறு. வெட்டின விளிம்பிலே கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிற்கும். உள்விளிம்பிலே நின்றால் குண்டைச் செருகும்போது அதன் மேல்தோலைச் சுரண்டும். வெளிவிளிம்பிலே நின்றால் அறைக்குள் போகச் சண்டித்தனம் செய்யும். உள்ளே ஒரு சுற்று, வெளியே ஒரு சுற்று, லேசாகப் பிசிறு எடுக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் விளிம்பு கத்தி மாதிரி மெலிந்து போகும். நாச்சியார்கோயில் குத்துவிளக்கைப் பகுதி பகுதியாக வார்த்து, கடைந்து, மரையிட்டுத் திருகி இணைக்கிறார்கள் அல்லவா? “பிசிறு எடுக்காத விளக்கு நேரா நிக்காது” என்றார் மாமா.

என் பங்குக்கு நானும் படித்ததைச் சொன்னேன். பிரிட்டிஷார் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்துக்கென்று குதிரை லாயத்துப் பக்கம் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டனவாம். யார் தொட்டார்கள், யார் தட்டினார்கள் என்று எவருக்கும் புரியவில்லை. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாக் காற்று, ஏற்கெனவே அழுத்தி இழுத்து இறுக்கமாயிருந்த பித்தளையைப் பிளந்துவிட்டது என்று 1921-ல்தான் விளக்கம் கண்டார்கள். ஆகையால் அம்மோனியா கலந்த திரவத்தில் கூட்டைத் துலக்கக் கூடாது என்று எச்சரித்தேன். மாமா பன்னீர்ச் செம்பைத் தடவிக் கொண்டே, “அவ புளியைத் தவிர வேற எதையும் இதும்மேல வெச்சதில்லே” என்றார். யாரும் பேசவில்லை. திரையிலும் யாரும் பேசவில்லை.

*

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் முக்கியமானது.

மாப்பிள்ளை ஒரு சின்னத் தட்டிலே நறுக்கிய துருவலைக் காட்டினார். தங்கப் பொடி மாதிரி மினுமினுத்தது. “பாருங்க மாமா, எவ்வளவு!” என்று பெருமை.

மாமா சிரிக்கவில்லை. “இந்தக் கூட்டையெல்லாம் எத்தனாவது தடவை வெட்டறீங்க?”

“நாலாவது தடவை மாமா.”

“நாலு தடவை வெட்டிப் போட்டீங்க. இந்தப் பித்தளை எங்கேருந்து வந்தது?”

மாப்பிள்ளை விழித்தார். நானும் விழித்தேன்.

“பித்தளை வளராதுன்னு அன்னிக்கே சொன்னேன். கழுத்திலே கூடினா, வேற எங்கேயோ குறைஞ்சிருக்கணும். எங்கே குறைஞ்சுதுன்னு பாத்தீங்களா?”

வாசகர்களே, அந்தக் கேள்விக்கு விடை இதுதான். சுடும்போது கூட்டின் முன்பாகம் சுவரைப் பற்றிக் கொள்கிறது. அடித்தட்டோ பின்னுக்குத் தள்ளப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே, அடித்தட்டுக்குச் சற்று மேலே, சுவர் இழுபட்டு மெலிகிறது. அச்சிலே தோளைத் தேவைக்கு மேல் தள்ளி அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் இன்னும் இழுபடும். கடைசியில் ஒருநாள் கூடு அங்கேயே இரண்டாகப் பிரியும். சூடான வாயு சுடுகிறவனின் முகத்தை நோக்கித் திரும்பி வரலாம். கழுத்தை மட்டும் அளந்து அளந்து நறுக்குகிறவனுக்கு இது தெரியவே தெரியாது. அளவு எப்போதும் சரியாகவே இருக்குமே!

“மெல்லிசுக் கம்பி நுனியைக் கொக்கி மாதிரி வளைச்சு, உள்ளே அடியிலேருந்து சுவரோட ஒட்டி மேலே இழுங்க. எங்கேயாவது தட்டுப்படுதா பாருங்க” என்றார் மாமா. வெளிப்பக்கம் அதே இடத்தில் பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறதா என்றும் பார்க்கச் சொன்னார்.

திரையிலே மாப்பிள்ளையின் கை மட்டும் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று... ஏழாவது கூட்டிலே கை நின்றது. மறுபடி இழுத்துப் பார்த்தார். “தட்டுது மாமா” என்றார். குரல் மாறிவிட்டது. ஐம்பது கூட்டிலே பதினொன்று தட்டின. அண்ணி பின்னால் வந்து நின்றாள். மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் குறட்டை எடுத்து, தட்டின பதினொன்றை மட்டுமல்ல, ஐம்பதையும் ஒவ்வொன்றாக நசுக்கினார்.

“துப்பாக்கியை எங்கே வைக்கிறீங்க?” என்றார் மாமா திடீரென்று.

“இரும்புப் பெட்டியிலே மாமா. சாவி என்கிட்டேதான். தோட்டா வேற பெட்டியிலே, வேற பூட்டு.”

“பேரனுக்குச் சாவி இருக்கிற இடம் தெரியுமா?”

“தெரியாது மாமா.”

“இதைக் கேக்கணும்னு ரெண்டு வருஷமா நெனைச்சிக்கிட்டிருக்கேன்.”

கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளை சொன்னார். “மாமா, நானும் ரெண்டு வருஷமா ஒண்ணு சொல்லணும்னு இருக்கேன். அன்னிக்குப் போக வேணாம்னு தடுத்தது நான்தான். அவ கிளம்பத்தான் நின்னா. இங்கே வேலை போயிடும், வீடு போயிடும்னு நான் பயந்துட்டேன். தப்பு என்மேலேதான்.”

மாமா பன்னீர்ச் செம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். “நீங்க வாயைத் திறந்து சொன்னீங்களே, அது போதும்” என்றார். அதற்குப் பிறகு, “அச்சைக் கால் சுத்து தளர்த்தி வெச்சுப் பாருங்க. தோளை அவ்வளவு தள்ள வேண்டியதில்லே” என்றார். அன்றைக்குப் போன் என் கைக்கு வரவில்லை.

*

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அங்கே ஒரு குடித்தனம் நீண்டு கொண்டே போகிறது. வீடு, வேலை, பேரனின் பள்ளிக்கூடம் எல்லாம் கணக்காக இருக்கிறது. இந்த நீளம் எங்கேயிருந்து வந்தது? மாமா இரண்டு வருஷமாக ஒரு வேளை சாப்பாட்டை மோரோடு முடித்துக் கொள்கிறார். ‘வயசாச்சு’ என்று நினைத்தேன். ஒரே கூரையின்கீழ் இருந்தும், நான் கொக்கிக் கம்பி போட்டுப் பார்க்கவில்லை. நாள் தவறாமல் மாத்திரை கொடுத்தேன். காலையில் காப்பி கொடுத்தேன். அளவு எப்போதும் சரியாகத்தானே இருந்தது!

பொங்கலுக்கு அண்ணியும் மாப்பிள்ளையும் பேரனும் வந்தார்கள். மாப்பிள்ளை மாமாவுக்கென்று ஒரு வெர்னியர் கொண்டு வந்திருந்தார். எண்ணைத் திரையிலே காட்டுகிற புதுத் தினுசு. மாமா அதை வாங்கி, தம்முடைய பழைய வெர்னியரை எடுத்து, இரண்டாலும் பன்னீர்ச் செம்பின் கழுத்தை அளந்து பார்த்தார். “உங்களுது அரை தௌ கூடக் காட்டுது மாப்பிள்ளை” என்றார்.

“உங்களுது தேஞ்சிருக்கும் மாமா” என்றார் மாப்பிள்ளை.

இரண்டு பேரும் கொட்டகையைத் திறந்து கொண்டு உள்ளே போனார்கள். எது சரி என்று தீர்ப்பதற்கு மத்தியானம் வரை ஆயிற்று. சாப்பிடக் கூப்பிட நான் போனபோது லேத் ஓடிக் கொண்டிருந்தது. மாமா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.